மருதையன் வருசா வருசம் செத்த கதை

பரோல் கமிட்டியின் முன்னால் நின்று சவரிமுத்து, "நான் அதைச் செய்யலைங்கய்யா" என்று முதல் தடவையாகச் சொன்ன அதே நாழிகையில், அங்கிருந்து அரைநாள் பஸ் தூரத்தில் இருந்த ஓடைப்பேட்டை வெங்காயச் சந்தைக்குள், செத்துப் புதைத்துக் குழிமேட்டில் புல் முளைத்துப் போயிருந்த மருதையன், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக நடந்து வந்து, கனி பாய் கடையில் ஒரு டீ சொன்னான். பாய் போட்டுக் கொடுத்தார். கைப் பழக்கத்தில் சர்க்கரையைக் குறைத்துத்தான் போட்டார், மருதையன் அப்படித்தான் குடிப்பான். பாதி கிளாஸ் இறங்குவதற்குள், எதிர்ச்சாரியில் மண்டி வைத்திருந்த தவமணி கல்லாவை விட்டு எழுந்து வந்து, மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கியை அவன் கழுத்தில் கொத்தி இழுத்தான். இழுத்த இழுப்பில் மருதையன் பெஞ்சியோடு மல்லாந்தான். கொக்கி பிறகு வயிற்றில் இறங்கியது, உருவி எடுத்து இன்னொரு தடவையும் வயிற்றிலேயே இறங்கியது. ரத்தம் ஓடிப்போய், கொட்டிக் கிடந்த சின்ன வெங்காயக் குவியலைத் தொட்டு நின்றது. எது தோல், எது ரத்தம் என்று தெரியவில்லை.

சவரிமுத்துவின் பெண்சாதி அமலோற்பவம் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். அடுத்த வரிசையில் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தவள் மருதையனின் பெண்சாதி காமுத்தாய். காமுத்தாய் எழுந்து ஓடிப்போய்ப் புருசன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "நீ எதுக்குடி இங்க வந்தே, புள்ள அழுவுறான் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் செத்தான். அந்தப் பிள்ளைக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. ஈ மொய்க்கிறவரைக்கும் பிணம் அவள் மடியில் கனமாகக் கிடந்தது. ஈ வந்ததும் கனம் குறைந்து குறைந்து, கடைசியில் ஈரச் சேலைதான் மடியில் மிஞ்சியது. ரத்தம் மட்டும் போகவில்லை. அதைக் கழுவத்தான் வேண்டியிருந்தது.

மருதையன் முதல் தடவை செத்தது இப்படித்தான், இதே இடத்தில், இதே கொக்கியால். அப்போது அவன் சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவன். மண்டிக்காரர்கள் மூட்டையின் கனத்தை வருசத்துக்கு வருசம் ஏற்றிக்கொண்டே போக, ஒருத்தன் கழுத்து முறிந்து மூட்டைக்கு அடியிலேயே செத்துப்போக, "மனுசன் கனத்துக்கு மேல இருக்கிற மூட்டைய எவனும் தொடாதீங்கடா" என்று மருதையன் சொல்லிவிட்டான். எவனும் தொடவில்லை. தவமணியின் மண்டியில் வெங்காயம் அழுகிச் சந்தையே நாறியது. சவரிமுத்து மருதையனுக்கு உயிர்ச் சிநேகிதன், ஆனால் அமலோற்பவம் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள், வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்தக் கோபத்தில் சந்தைக்கு நடுவில் நின்று, "உன்னையக் கொன்னாத்தான்டா எனக்குச் சோறு" என்று அவன் கத்தினான். மறுநாள் உச்சிவெயிலில் தவமணி, தூணில் தொங்கிய கொக்கியை எடுத்து மருதையனைக் கொத்தினான். அது சவரிமுத்துவின் கொக்கி. பார்க்காதவர் ஒருவரும் இல்லை. கோர்ட்டில் வரிசையாக ஏறி, சவரிமுத்துதான் கொத்தினான் என்று சொல்லாதவரும் ஒருவரும் இல்லை. கனி பாயும் சொன்னார். வெங்காயம் அரிகிற பெண்களும் சொன்னார்கள். பச்சை உடம்போடு வீட்டில் கிடந்த காமுத்தாய் ஊர் சொன்னதை நம்பினாள். அமலோற்பவத்தின் வயிற்றில் இருந்தது கேசு நடக்கும்போதே கலைந்துபோயிற்று.

இப்போது மருதையன் மறுபடி செத்ததும் இன்ஸ்பெக்டர் வந்தார். ரத்தத்தைப் பார்த்தார். பிணத்தைக் கேட்டார். இல்லை என்றார்கள். செத்தது யார் என்று கேட்டார். மருதையன் என்றார்கள்.

"அவன் ஏற்கெனவே செத்தவன்ல?"

"ஆமாங்கய்யா."

"அந்தக் கேசுதான் முடிஞ்சுபோச்சே. செத்தவன மறுபடி கொல்றதுக்குச் சட்டத்துல எடமில்ல. தண்ணிய ஊத்திக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கழுவினார்கள். அடுத்த ஆடியில் கமிட்டி கூடியபோது மருதையன் வந்தான், செத்தான், கழுவினார்கள். அதற்கடுத்த ஆடியிலும் அப்படியே. ஓடைப்பேட்டை அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அன்றைக்கு லோடு வேண்டாம் என்று கேரளத்து வியாபாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைச் சித்தி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் அனுப்பினார்கள். பிளீச்சிங் பவுடரும் மரத்தூளும் வாங்கி வைத்தார்கள். ஒரு வருசம் சந்தையையே பூட்டிப் பார்த்தார்கள். பூட்டிய டீக்கடை வாசலில் மருதையன் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "பாய்... பாய்..." என்று கூப்பிட்டான். வீட்டில் படுத்திருந்த கனி பாய் காதைப் பொத்திப் பார்த்தார், தலையணையை வைத்து அழுத்திப் பார்த்தார், முடியாமல் எழுந்து வந்து கடையைத் திறந்து பாலைக் கொதிக்கவைத்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தபோது அவர்களுக்குக் கடலையும் முறுக்கும் விற்கவும் ஆட்கள் கிளம்பினார்கள்.

தவமணியைத்தான் ஊர் தாங்கு தாங்கென்று தாங்கியது. அவன் கொன்றான் என்று யாரும் சொல்லவில்லை. மொதலாளிக்குக் கை நோவு வந்துவிட்டது என்று சொன்னார்கள். கை நோவு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிப் போனார்கள், கோடாங்கியிடம் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். அவன் கையைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டினார்கள், தூணோடு பெயர்த்துக்கொண்டு வந்தான். ஒரு வருசம் தூரத்து ஆஸ்பத்திரியில் கட்டிலோடு வரிந்து கட்டி வைத்தார்கள். அந்த நாழிகை வந்தபோது, கட்டிலில் படுத்தபடியே இருந்தவன் இங்கே சந்தையிலும் நின்றான், கையில் ஊசிக்குழாய் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தக் கையாலேயே கொத்தினான். கொத்தும்போது அழுதான். எச்சிலும் கண்ணீரும் ஒழுக, "ஐயோ, ஐயோ" என்றபடியே கொத்தினான்.

கொன்றது தவமணிதான் என்று, மருதையன் திரும்பி வந்து செத்த முதல் நாளே காமுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. ஸ்டேசனுக்குப் போனாள், வக்கீலிடம் போனாள். தீர்ப்பான கேசம்மா என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவள் வருசா வருசம் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொண்டுவர ஆரம்பித்தாள். டீ வருவதற்குள் ரெண்டு வாய் ஊட்டிவிடுவாள். "ஓடிப்போயிருய்யா, அவன் வர்றான்யா" என்று காலைப் பிடித்துக் கெஞ்சுவாள். "இருடி, டீயக் குடிச்சுட்டு வர்றேன்" என்று அவன் சிரிப்பான். சிரிக்கிற வாயில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும்போதே கொக்கி விழும்.

அமலோற்பவம் மாசத்துக்கு ஒருமுறை ஜெயிலுக்கு மனுப் போட்டுப் புருசனைப் பார்க்கப் போவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு முழம் இடைவெளி, சுற்றிலும் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம். கமிட்டியில் என்ன நடந்தது என்று அவன் கத்திக் கத்தித்தான் சொல்லுவான்.

"செஞ்சதுக்கு வருத்தப்படுறியான்னு கேட்டாங்க. மருதையன் செத்ததுக்கு வருத்தப்படுறேன்யா, ஆனா நான் செய்யலைன்னேன். அப்ப நீ இன்னும் திருந்தலைன்னு சொல்லிட்டாங்க."

"திருந்திட்டேன்னு சொல்லித் தொலைங்களேன்."

"எதுலருந்து திருந்தணும்?"

அவனோடு ஒரே கொட்டடியில் இருந்த ஒருத்தன் கூடப்பிறந்த அண்ணனையும் தம்பியையும் வெட்டிக் கிணற்றில் போட்டவன். அவன் கமிட்டி முன்னால் தரையில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதான். பரோல் கொடுத்தார்கள். போகும்போது தன் பழைய கைலியைச் சவரிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். "அழத் தெரியணும் சவரி" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான்.

"நீங்களும் சொல்லிப்புட்டு வாங்க" என்று அமலோற்பவம் வலையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "ஒரு வார்த்தைதான. நான் ஒத்தையில கெடக்கேன்."

"செய்யலைங்கிற அந்த ஒரு வார்த்தைதான் அமலா எங்கிட்ட இருக்கு. அதையும் குடுத்துட்டு வந்தா, வர்றது நானா இருக்க மாட்டேன்."

கமிட்டி கூடுகிற நாளும் மருதையன் சாகிற நாளும் ஒன்று என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். அந்தக் கமிட்டி அறையில் சொல்வதுதான் இந்தச் சந்தையில் நடந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அங்கே அவன் நான் செய்யவில்லை என்று சொல்லச் சொல்ல, இங்கே செய்தவன் எழுந்து வந்து செய்து காட்டினான். இதை அவனிடம் அவள் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டான் என்று. காமுத்தாயிடம் மட்டும் சொன்னாள். சுவருக்குக் காது இருந்ததோ என்னவோ, ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோனது.

வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் திரண்டு அவள் வீட்டுக்கு வந்தார்கள். சவரிமுத்துவைப் பிடித்துப் போனபிறகு அந்த வாசலை மிதிக்காதவர்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். "சவரி வீட்டுக்கு வந்துருவான், சந்தையில ரத்தம் நின்னுரும். ஒரு சொல்லுல ரெண்டு புண்ணியம்மா" என்றார் சங்கத் தலைவர். தவமணியும் வந்திருந்தான். சங்கிலி அறுத்த தழும்பு மணிக்கட்டைச் சுற்றிப் புழு மாதிரி நெளிந்து கிடந்தது. ஆள் கூனிப்போயிருந்தான். நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான்.

"தாயி, உன் வீட்டுக்காரன் ஒரு வார்த்த சொன்னா நான் பொழச்சுக்கிருவேன். என் கை நோவு தீந்துரும்."

அந்தக் கையை மிதித்து நசுக்கவேண்டும் என்று அவளுக்குக் கால் துடித்தது. மிதிக்கவில்லை. புருசன் வீட்டுக்கு வருவான் என்ற ஆசை காலைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் காமுத்தாயிடம் போய்க் கேட்டாள்.

"அவரு செஞ்சேன்னு சொல்லிட்டா மருதண்ணன் வரமாட்டாருக்கா. உங்களுக்குச் சம்மதமா?"

காமுத்தாய் அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "ஒரு தடவ செத்திருந்தா அழுது முடிச்சிருப்பேன்டி. இப்பிடி வருசா வருசம் வாய்க்கரிசி போட எனக்குத் தெம்பில்ல. சொல்லச் சொல்லு."

அடுத்த மனுவில் அமலோற்பவம் எல்லாவற்றையும் புருசனிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்த சவரிமுத்து, சோற்றுப் பருக்கையோடு மருதையன் செத்ததைச் சொன்ன இடத்தில், கம்பி வலையில் நெற்றியை முட்ட ஆரம்பித்தான். முட்டினான், முட்டினான், வலையில் நெற்றித் தோல் கிழிந்து ஒட்டுகிறவரைக்கும் முட்டினான். வார்டர்கள் ரெண்டு பேர் வந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

"என் வாயாலயா? என் வாயாலயாடி அவன் வருசா வருசம் சாகுறான்?" என்று கத்திக்கொண்டே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் இழுபடும்போது, "சொல்றேன், சொல்லிர்றேன்!" என்ற சத்தம் மட்டும் வந்தது.

அந்த வருசம் ஆடியில் கமிட்டி கூடுகிற நாள் ஓடைப்பேட்டையில் கல்யாண வீடாக விடிந்தது. சந்தை வாசலில் வாழைமரம் கட்டினார்கள், அண்டாவில் பூந்தி கிண்டினார்கள். தவமணி எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, சங்கிலி இல்லாமல் கல்லாவில் வந்து உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர்கூட வந்து பூந்தி தின்றார். அமலோற்பவம் எப்போதும்போலத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் காமுத்தாய் இருந்தாள், அன்றைக்கு அவள் சோறு கொண்டுவரவில்லை.

வெயில் ஏறியது. கிழக்கு வாசல் வழியாக, வாழைமரத்தை விலக்கிக்கொண்டு, மருதையன் வந்தான். "பாய், ஒரு டீ."

பூந்தி கிண்டியவன் கரண்டியைப் போட்டான். சந்தை மொத்தமும் தவமணியைத் திரும்பிப் பார்த்தது. அவன் கை கல்லாமேசைமேல் தூங்குகிற பூனையாகக் கிடந்தது. அவனே அதைத் தூக்கிப் பார்த்தான், உதறிப் பார்த்தான், விரலை மடக்கி நீட்டினான், பிறகு வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தான்.

அப்போது மேற்கு ஓரத்தில் ஒரு பெண் வீரிட்டாள். ஜெயில் வெள்ளைத் துணியில், வெறுங்காலோடு, நெற்றியில் ஆறாத காயத்தோடு, கையில் கொக்கியோடு, சவரிமுத்து வந்துகொண்டிருந்தான். கால் பின்னால் இழுத்தது, கை முன்னால் இழுத்தது. அதே நாழிகையில் கமிட்டி அறையிலும் அவன் கைகட்டி நின்று, "செஞ்சேங்கய்யா, நான்தான் செஞ்சேன், வருத்தப்படுறேங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கமிட்டித் தலைவர் திருப்தியாகப் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

மருதையனுக்கு அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. "வாடா பங்காளி. நேத்து ஏசுனத மனசுல வச்சுக்காத. பாய், இன்னொரு டீ போடுங்க."

சவரிமுத்து கொக்கி பிடித்த கையை மற்றக் கையால் பிடித்து முறுக்கினான். கை நிற்கவில்லை. குனிந்து தன் மணிக்கட்டையே கடித்தான், சதை பிய்ந்து வாயோரம் ரத்தம் வடிந்தது, அப்படியும் கை மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒருத்தர் மெதுவாக, "அப்ப கோர்ட்டு சொன்னது சரிதான் போல" என்றார். பக்கத்தில் நின்றவர் தலையாட்டினார். தலையாட்டல் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றி, டீக்கடைவரைக்கும் போனது. வருசா வருசம் தவமணி கொத்தியதைக் கண்ணால் பார்த்து, ரத்தத்தைக் கையால் கழுவிய தலைகள் அவை.

அமலோற்பவம் அதைக் கேட்டாள். மடியில் இருந்த வெங்காயம் சிதற எழுந்தாள்.

"சொல்லாதீங்க! நான் கேட்டது தப்பு! செய்யலைன்னு சொல்லுங்க!"

சவரிமுத்து கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். கொக்கியின் முனை மருதையனின் கழுத்துக்கு நேராக வந்துவிட்டது. "சொன்னா நான் வீட்டுக்கு வரமுடியாது அமலா."

"வராட்டிப் போங்க! சொல்லுங்க!"

"நான் செய்யல!" என்று அவன் சந்தையில் கத்தினான். அந்த அறையில் இருந்தவர்களுக்கும் அதே கத்தல் கேட்டது. தலைவர் பேனாவை மூடிவிட்டார்.

மருதையன் பக்கத்தில் இப்போது சவரிமுத்து இல்லை. கொக்கியும் அங்கே இல்லை. அது தவமணியின் கையில் இருந்தது. சிரித்த வாய் சிரித்தபடி கோணிக்கொள்ள, மயிரைப் பிடித்துத் தூக்கியதுபோலத் தவமணி கல்லாவிலிருந்து எழுந்தான். கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் தடதடவென்று இறங்கின. அமலோற்பவம் நடந்துபோய் மருதையனுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

இரும்பைக் கொண்டு அந்தக் கையைத் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கயிற்றைக் கொண்டு தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இடையில் போய் நிற்க இதுவரைக்கும் யாருக்கும் தோன்றவில்லை. கொக்கி அவள் முன்கையில் இறங்கி எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தவமணி இழுத்தான். அவள் போகவில்லை. காமுத்தாய் ஓடிவந்து அவன் தோளில் பல்லைப் பதித்தாள். வெங்காயம் அரிந்த பெண்கள் அரிவாளோடு எழுந்து வந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் ரெண்டு பேர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் உதறிய உதறலில் ஒருத்தனுக்கு மூக்கெலும்பு நொறுங்கியது, இன்னொருத்தன் போய்த் தராசில் விழுந்தான். கனி பாய் அடுப்பிலிருந்த பால் சட்டியைத் தூக்கிவந்து அந்தக் கைமேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். தோல் கழன்று தொங்கியது. கை விடவில்லை.

"வெட்டிப் போடுங்கடா இந்தக் கைய!" என்று தவமணியே அலறினான்.

அமலோற்பவம் பின்வாங்காமல் அவன் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். கொக்கி இன்னும் ஆழமாகப் போனது. அவன் மூச்சுக் காற்று முகத்தில் படுகிற தூரத்தில் நின்று சொன்னாள்:

"மொதலாளி. எங்க வீட்டுக்காரரு வாயிலருந்து ஒரு வார்த்தயப் புடுங்கத்தான என் கால்ல விழுந்தீங்க? அது அவரு வார்த்த இல்ல. உங்க வார்த்த. சொல்லுங்க."

"எனக்குக் கை நோவு தாயி..."

"சொல்லுங்க!"

தவமணி வானத்தைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பாதி இறங்கிய ஷட்டர்களுக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தான். "நான்தான்" என்றான். "நான்தான் கொன்னேன். மருதையன நான்தான்டா கொன்னேன்!"

கை செத்த பாம்பாகத் தொங்கிப்போனது.

மருதையன் மிச்ச டீயைக் குடித்தான். இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் அவன் கிளாசின் அடியைப் பார்த்தான். அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கினான். "நல்லாருந்துச்சு பாய்" என்று சொல்லிக் கிளாசை வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, மேற்கு வாசல் பக்கம் நடந்தான். காமுத்தாய் கூடவே போனாள். வாசல் தாண்டிப் புளியமரம்வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கொண்டு போனதைப் பார்த்தார்கள். அவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

செத்தவனைக் கொன்றதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை. உயிரோடிருக்கிற பொம்பளையின் கையைக் கிழித்ததற்கும், உயிரோடிருக்கிறவன் மூக்கை நொறுக்கியதற்கும் இருந்தது. கேசு போட்டார்கள். போலீஸ்காரர் காதில் விழுந்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று வக்கீல் சொன்னார். அதனால் அமலோற்பவம் ஏன் அங்கே நின்றாள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஆரம்பித்தால் அது முதல் நாளுக்குத்தான் போய் நின்றது. கனி பாய்தான் முதலில் கூண்டில் ஏறி, அன்றைக்குப் பொய் சொன்னேன் என்றார். பிறகு மற்றவர்களும் ஏறினார்கள்.

கோர்ட்டு தன் நடையில்தான் நடக்கும். அதற்கு நடுவில் இன்னொரு ஆடி வந்தது, கமிட்டி கூடியது. கையைக் கிழித்த கேசில் உள்ளே வந்திருந்த தவமணியை முதலில் கூப்பிட்டார்கள். "செஞ்சேங்கய்யா, வருத்தப்படுறேன்" என்று அவன் மனசாரத்தான் அழுதான். பரோல் கொடுத்தார்கள். அடுத்து சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். "நான் செய்யலைங்கய்யா" என்றான். மேல்கோர்ட்டு சொல்லும்வரைக்கும் எங்கள் காகிதத்தில் நீதான் செய்தவன், நீ இன்னும் திருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு ஓடைப்பேட்டைக்கு யாரும் வரவில்லை. காமுத்தாய் சாயங்காலம்வரைக்கும் மேற்கு வாசலில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய், முதல் தடவையாகத் தலைவிரிகோலமாக உட்கார்ந்து முழுசாக அழுதாள்.

மேல்கோர்ட்டு சொன்னபோது சவரிமுத்துவின் தலையில் கறுப்பு முடி இல்லை. தவமணி கொலைக்கேசில் உள்ளே போனான், சவரிமுத்து வெளியே வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தவன், அமலோற்பவத்தின் மடங்காத வலது கையை எடுத்து, தழும்பைத் தடவிப் பார்த்தான். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

முதலில் கனி பாய் கடை. பாய்லரை ஒரே அடியில் சாய்த்தான். கிளாசுகளையும் பெஞ்சியையும் அலமாரியையும் அடித்து நொறுக்கினான். பாய் ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சங்கத் தலைவரின் மண்டி. தராசு, மேசை, கண்ணாடிக்குள் வைத்திருந்த சாமி படம். பிறகு தவமணியின் பூட்டிக் கிடந்த கதவு. பொய் சொன்ன ஒவ்வொரு வாயும் எந்தக் கடையில் இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஷட்டரும் இறங்கவில்லை. அவன் வருவதற்கு முன்னாலேயே கடைக்காரர்கள் வெளியே வந்து, வழிவிட்டு நின்றார்கள். ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். கடப்பாரை விழுகிற சத்தமும் அவன் மூச்சுவாங்குகிற சத்தமும்தான் சந்தையில் கேட்டன.

கை சோர்ந்து, உடைந்த சாமான்களுக்கு நடுவில் அவன் உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அமலோற்பவம் பக்கத்தில் போய் நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"எந்திரிங்க. சோறு ஆறிப்போகுது. தின்னுட்டு வந்து மிச்சத்த ஒடைங்க."